அமாவாசை லீவில் பாண்டிச்சேரி

என் அக்காவுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் லீவு, அது அமாவாசை. ஆரணியில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் நிற்கிற நாள் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை, சுதந்திர தினம், தேர்தல் எதுவும் தறிக்குத் தெரியாது. நானோ அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கு சனி, ஞாயிறு. நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறோம் என்றாலும் என் லீவும் அவள் லீவும் சந்தித்துக்கொள்வது அபூர்வம். போன வருஷம் ஆவணிக் கடைசியில் அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. காலண்டரில் அதைப் பார்த்த அன்றே பாண்டிச்சேரியில் ரூம் போட்டுவிட்டேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

எனக்கு அப்படித்தான் பழக்கம். முதலில் முடிவு, பிறகு ஆலோசனை. என் வீட்டுக்காரர் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

பாண்டிச்சேரிக்கு நான் ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேன். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனது பாதி, டீச்சர்களாகச் சேர்ந்து போனது பாதி. எந்தத் தெருவில் எந்தச் சுவர் என்ன மஞ்சள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும் என்று ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொள்வேன். அக்கா போனதே இல்லை. கடலையே அவள் ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், சென்னையில் ஒரு சாவுக்குப் போய்த் திரும்பும்போது, பஸ் ஜன்னல் வழியாக. ஐம்பத்திரண்டு வயது மனுஷிக்கு இவ்வளவுதானா கடல் என்று நினைத்தால் எனக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் வரும்.

சேதி சொல்லப் போனபோது அவள் தறியில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் தறிக்குழிக்குள் மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்தன.

"சனிக்கிழமை லீவுக்கு நான் எங்கடி போவேன்? மொதலாளி பேஜார் பண்ணுவாரு" என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு, "எந்த ஊரு சொன்ன?" என்றாள்.

"பாண்டிச்சேரி."

குறுக்கிழை ஓட்ட வீசப்போன நாடா கையிலேயே நின்றுவிட்டது. "என் புடவை அங்கதான் போயிருக்குது பாப்பா."

பாப்பா நான்தான். எனக்கு நாற்பத்தைந்து வயது, என்னைக் கண்டால் பத்தாம் வகுப்புப் பையன்கள் நடுங்குவார்கள். அவளுக்குப் பாப்பா.

எந்தப் புடவை என்று நான் கேட்கவில்லை. மாசி மாதம் முழுவதும் எங்கள் குடும்பத்தில் அந்தப் புடவையின் பேச்சுதான். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, கரையில் வரிசையாக அன்னம். அவள் நெய்யாத நிறமில்லை, போடாத அன்னமில்லை. ஆனாலும் அந்த ஒன்றின் மேல் அவளுக்கு என்னவோ ஒரு ஆசை விழுந்துவிட்டது. நெய்து முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, முதலாளி அவள் எதிரிலேயே போனை எடுத்து, பாண்டிச்சேரிக் கடைக்கு அனுப்பிவிடுவதாக யாரிடமோ சொல்லியிருக்கிறார். தான் கொடுக்கிற புடவை எந்த ஊருக்குப் போகிறது என்று முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் காதில் விழுந்தது.

"முப்பது வருஷமா நெய்றேன். நான் நெய்ததை ஒருத்தி கட்டிகினு நின்னு, நான் பாத்ததே இல்லடி. ஒண்ணே ஒண்ணாவது பாக்கணும்."

அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. எங்கள் அப்பா இறந்தபோது வீட்டுச் சாமானில் உனக்கு என்ன வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள், ஒன்றும் வேண்டாம் என்றவள். அவள் வாயிலிருந்து "பாக்கணும்" என்று வந்ததும் எனக்கு நாக்கு அடங்கவில்லை.

"அதுக்கென்ன, காட்டறேன் வா" என்றுவிட்டேன்.

சொன்ன பிறகுதான் என் மூளை வேலை செய்தது. நிகழ்தகவு பாடம் நடத்துகிறவள் நான். அவ்வளவு பெரிய ஊரில் ஒரு புடவை. அதுவும் யாராவது வாங்கியிருக்க வேண்டும், அதை அந்த இரண்டு நாளில் கட்டியிருக்க வேண்டும், கட்டிக்கொண்டு நாங்கள் நிற்கிற தெருவில் வந்து நிற்க வேண்டும். பையன் எவனாவது இப்படி ஒரு விடையை எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஆனால் அக்கா அன்றிலிருந்து தினம் அதிகாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் நெய்து, சனிக்கிழமைக்கான வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டாள். நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இங்கே அக்காவின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், இரண்டும் நெய்யும்போதே விரல் கோத்த மாதிரி ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். அதற்குக் கோர்வை என்று பெயர். முன்பக்கம் பார்த்தால் எல்லோர் கோர்வையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், திருப்பிப் பார்த்தால்தான் நெய்தவள் கை தெரியும் என்பாள். அதனால் உள்ளூர்க் கல்யாணத்துக்கு அரை மணி நேரம் தலை காட்டப் போனால்கூட அவள் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க மாட்டாள். நேராகப் போய்ப் பெண்களின் புடவைக் கொசுவத்தை எடுத்துத் திருப்பிப் பார்ப்பாள். எங்கள் ஊரில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பாதிப் பேர் தாங்களே எடுத்து நீட்டுவார்கள், "யாரு கை சொல்லுக்கா" என்று. சொல்லிவிடுவாள். ஆனால் ஒரு தடவைகூட அது அவள் கையாக இருந்ததில்லை. அவள் முதலாளியின் சரக்கு எல்லாம் வெளியூர்க் கடைகளுக்குப் போகிறது.

சனிக்கிழமை காலை செஞ்சி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். அக்கா இரண்டு டப்பா எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அங்கே எத்தனை வகைச் சாப்பாடு கிடைக்கும் என்று நான் போனில் பட்டியல் வைத்திருந்தேன். அதைப் படித்துக் காட்டியபோது, "அதையும் துன்லாம், இதையும் துன்லாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

சேத்துப்பட்டில் ஒரு அம்மாள் ஏறி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா அவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏம்மா, பாண்டிச்சேரியில கல்யாண மண்டபம்லாம் எந்தப் பக்கம் கீது?"

"யாரு கல்யாணத்துக்குப் போறீங்க?"

"யாரு கல்யாணமா இருந்தா இன்னா. வாசல்ல நின்னு புடவைங்களப் பாத்துட்டு வந்துடுவோம்."

அந்த அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்கும் நாளைக்கும் ஏதும்மா கல்யாணம்? நாளைக்கு அமாவாசை ஆச்சே. நான் பூ கட்டி விக்கறவ. முகூர்த்தமே இல்ல, யாவாரம் இல்லன்னுதான் மக வூட்டுக்குப் போய்கினு கீறேன்."

நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் அசடு வழிந்தது. அமாவாசையில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு அமாவாசை என்றால் லீவு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற நாள். லீவு என்றால் ஊரே வெளியே வரும், வெளியே வந்தால் பட்டு கட்டும் என்று நாங்கள் இருவரும் எங்களை அறியாமலே நினைத்திருக்கிறோம். அவள் படித்தது எட்டு, நான் படித்தது எம்.எஸ்ஸி. இந்த விஷயத்தில் இருவரும் ஒரே வகுப்பு.

செஞ்சி மலை ஜன்னலில் வந்து போகிற வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஊர் உலகம் பட்டுப்புடவை கட்டுகிற நாளெல்லாம் இவள் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். இவள் ஊரைத் தாண்ட முடிகிற ஒரே ஒரு நாளில் எவளும் பட்டு கட்டுவதில்லை. முப்பது வருஷம் எப்படிப் பார்த்திருப்பாள்?

அக்காதான் முதலில் சிரித்தாள். "சரி வுடு. கடலாவது கீதா, இல்ல அதுக்கும் லீவா?"

பாண்டிச்சேரியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அந்தக் கடற்கரைப் பக்கத்தில் எந்தக் குறுக்குத் தெருவில் திரும்பினாலும் அதன் கடைசியில் கடல் நிற்கும். வீட்டு வாசலில் ஆள் நிற்கிற மாதிரி, சும்மா, யாரையும் கூப்பிடாமல் நிற்கும். வெயில் நேரத்தில்கூடச் சுவர்களின் மஞ்சள் கண்ணைக் குத்தாது. மதில் மேலிருந்து காகிதப்பூ கொத்துக் கொத்தாகச் சரிந்து விழுந்திருக்கும். போலீஸ்காரர்கள் தலையில் சிவப்புத் தொப்பி, வட்டமாக, பானை மூடி மாதிரி. இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். ரூமில் பையை வைத்த கையோடு அவளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அக்கா ஒரு தெருமுனையில் நின்றாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரின் அழகு அவளையும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"எவ்ளோ நேரா போட்டுகீறான் பாரு தெருவ" என்றாள். "ஒரு வளைவு கெடையாது, மேடு பள்ளம் கெடையாது, ஒரு மாடு கெடையாது. இங்க பாவு நீட்டினா எவ்ளோ வசதி."

பாவு என்றால் தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிச் சரிசெய்கிற பட்டு நூல். விடிகாலையில் எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தால் பால்காரர்கூடச் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத்தான் போவார். உலகமெங்கும் இருந்து பாண்டிச்சேரி பார்க்க வருகிற எவருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றிவிட்டது. அதன் பிறகு எனக்கும் அந்தத் தெருக்கள் எல்லாம் வெறும் அழகான தெருக்களாகத் தெரியவில்லை. மூன்று பாவு நீளம், நாலு பாவு நீளம் என்றுதான் கண் அளந்தது.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு அகலமான சாலை முழுக்க மனிதர்கள் மட்டும் நடப்பார்கள். ஒரு பக்கம் பழைய வெள்ளைக் கட்டிடங்கள், மறுபக்கம் கருங்கல் பாறைகள், பாறைகளுக்கு அப்பால் அலை. நாங்கள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தை முடித்தோம். அக்கா வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஆத்துல வருசத்துக்குப் பத்து நாள் தண்ணி வந்தா ஊரே ஓடிப் போய்ப் பாக்குது. இங்க பாரு, கேப்பாரு இல்லாம வந்துகினே கீது."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். இந்த ஊருக்கு அவளை ஏன் பத்து வருஷம் முன்னாலேயே கூட்டி வரவில்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் கால் மணி நேரம்தான் நிலைத்தது. அவள் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் துணியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"லெக்கின்ஸு. லெக்கின்ஸு. பேண்ட்டு. காட்டன். இது பட்டு மாதிரி கீது, பட்டு இல்ல. சுடிதாரு."

"அக்கா, கடலப் பாருக்கா."

"பாத்துட்டேன்டி. அது எங்க போவப் போவுது? மனுசங்கதான் போய்டுவாங்க."

"இவ்ளோ தூரம் வந்து துணியப் பாக்கறதுக்கு நம்ம ஊர்லயே இருந்திருக்கலாம்!"

கத்திவிட்டேன். பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. அக்கா காலி டப்பாவைத் துடைத்து மூடினாள். பிறகு மெதுவாக, "நீதானே காட்டறேன்னு சொன்ன" என்றாள். அதில் குறை சொல்கிற தொனியே இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது. நான் காட்ட முடியாததற்குத்தான் அவளிடம் எரிந்து விழுந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. எழுந்து போய் இரண்டு பேருக்கும் சுண்டல் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற முறை அது. அவளும் வாங்கித் தின்றாள்.

மறுநாள் விடியும்போது கடற்கரை வேறு ஊராக இருந்தது. வேட்டி கட்டிய ஆண்கள் ஈரத்தோடு நின்று எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். சாஸ்திரிகள் அவசர அவசரமாக அடுத்த ஆளுக்கு நகர்ந்தார்கள். காக்கைகளுக்குக் கொண்டாட்டம். அக்கா ஒரு ஓரத்தில் நின்று கையைக் கூப்பி அப்பா பெயரைச் சொன்னாள். நானும் சொன்னேன். சூரியன் தண்ணீரிலிருந்து கழன்று வந்தது. அத்தனை தடவை வந்திருந்தும் நான் ஒருநாளும் அந்நேரத்துக்கு எழுந்து பார்த்ததில்லை. நான்கு மணிக்கு எழுந்து பழகியவளோடு போனதால் பார்த்தேன்.

காபி குடித்துவிட்டு என் பட்டியலில் இருந்த மஞ்சள் தெருவுக்குப் போனோம். அங்கே ஒரு மதிலில் பச்சைக் கதவு ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. எங்களுக்கு முன்னாலேயே அங்கே ஒரு கூட்டம். குடை மாதிரி வெள்ளைத் துணியை ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான். தாடி வைத்த ஒரு போட்டோக்காரர் தரையில் மண்டியிட்டிருந்தார். கதவின் முன்னால் ஒரு புது ஜோடி நின்றது.

அந்தப் பெண் மாம்பழ மஞ்சளில், அரக்குக் கரை வைத்த பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

கரையில் அன்னம் இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். இருந்தது. திரும்பி அக்காவைக் கூப்பிட வாயைத் திறந்தேன், பக்கத்தில் அக்கா இல்லை. செருப்பைக்கூட ஓரமாக விட்டுவிட்டு அவள் போட்டோக்காரரைத் தாண்டிப் போய்விட்டாள். போய்க் குனிந்து, அந்தப் பெண்ணின் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக் கரையைத் திருப்பினாள்.

அந்தப் பெண் "ஐயோ!" என்று துள்ளினாள். போட்டோக்காரர், "யாரும்மா நீங்க, தள்ளுங்க" என்றார். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணின் அம்மா எழுந்து ஓடி வந்தார்.

"ஏய், யாரு நீ? புடவைய விடு! கழுத்துல நகை போட்டிருக்கு, எல்லாரும் பாருங்க, இவங்க கூட யார் யார் வந்திருக்காங்கன்னு பாருங்க!"

அக்காவுக்கு எதுவும் காதில் விழவில்லை. எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி சாவகாசமாகக் கட்டை விரலால் கோர்வையைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். நான் டீச்சர் என்று சொன்னேன். ஆரணி என்று சொன்னேன். இவள் என் அக்கா, பட்டு நெய்கிறவள், இதே நிறத்தில் இவள் நெய்த புடவை ஒன்று இந்த ஊருக்கு வந்திருக்கிறது, அதைப் பார்க்கத்தான் வந்தோம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மாறியது. அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். மணப்பெண் குனிந்து, தானே கொசுவத்தைத் தூக்கிக் கொடுத்தாள்.

"நீங்க நெய்ததாங்க இது? கல்யாணத்துக்குக் கட்டின புடவை. இருபது நாள் ஆச்சு கல்யாணம் ஆகி. நிஜமா நீங்க நெய்ததா?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். ஆண்டவா, இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அக்கா கரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஒரு முழம் தள்ளி இன்னொரு இடத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்லம்மா. இது என் கை இல்ல."

நான் அவள் காதருகே குனிந்து, "ஆமான்னு சொல்லிடுக்கா, யாருக்குத் தெரியப் போவுது" என்றேன். அவள் பார்த்த பார்வையில் நான் பத்தாம் வகுப்புப் பையனாகிவிட்டேன்.

"இது என்னைவிட நல்ல கை" என்றாள் அக்கா, அந்தப் பெண்ணைப் பார்த்து. "எனக்கு அவசரம் ஜாஸ்தி, கோர்வை சித்த தளர்ந்துடும். இவ ஒவ்வொரு இழையும் இழுத்து ஒக்கார வெச்சிருக்கா. இங்க பாரு, தோ, இந்த ஒரு விரக்கட மட்டும் லூசா கீது. பாதியில எழுந்து போயிருக்கா. கொழந்தை அழுதிருக்கும், இல்ல பால் பொங்கியிருக்கும். வந்து ஒக்காந்து சரி பண்ணிகினா. அப்புறம் கடைசி வரைக்கும் ஒரு தப்பு கெடையாது."

நெய்தது ஒரு பெண்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. மணப்பெண் தன் புடவையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவளைப் போல அந்த ஒரு விரல் இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். போட்டோக்காரரும் குனிந்து பார்த்தார்.

"அமாவாசையில போட்டோ எடுக்க வர்றீங்களே, கல்யாணப் பொண்ணு வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?" என்று நான் அவரிடம் கேட்டேன். வேறு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்களுக்கும் இதுதாங்க லீவு. முகூர்த்த நாள்ல மண்டபத்தைவிட்டு நகர முடியாது. வெளியில எடுக்கிறதெல்லாம் அமாவாசையிலதான்" என்றார்.

அக்கா அந்தப் பெண்ணிடம் கேட்டாள், "சித்த நடந்து காட்டறியாம்மா?"

அந்தப் பெண் சிரித்தபடி, தெருவின் நடுவில் அந்தக் கோடி வரைக்கும் நடந்தாள். காலை வெயில் கடல் பக்கமிருந்து நேராகத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. அவள் நடக்க நடக்க மஞ்சள் உடல் ஒரு நிறமாகவும், மடிப்பின் உள்ளே இன்னொரு நிறமாகவும் மாறியது. அரக்குக் கரை அவள் பாதத்தைச் சுற்றிச் சுழன்று, அன்னங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வந்து மறைந்தன. நான் பிறந்ததிலிருந்து பட்டுக்கு நடுவில் இருக்கிறேன். பட்டைத் தறியில் பார்த்திருக்கிறேன், மடித்துப் பார்த்திருக்கிறேன், நானே கட்டியிருக்கிறேன். நெய்கிறவளின் பக்கத்தில் நின்று, இன்னொருத்தி கட்டி நடப்பதைப் பார்த்ததில்லை. அது எவ்வளவு அழகான பொருள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சொல்லப்போனால் அந்த மஞ்சள் மதிலும் பச்சைக் கதவும் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அக்கா அசையாமல் பார்த்தாள். அந்தப் பெண் திரும்பி வந்ததும், "முந்தானைய விரிம்மா" என்றாள். விரித்தாள். "அந்தப் பக்கம் திரும்பு." திரும்பினாள். "ஒக்காந்து எழுந்திரு." அதையும் செய்தாள். போட்டோக்காரர் இடைவிடாமல் எடுத்துக்கொண்டே இருந்தார்.

"கட்டிகினா கனமா கீதா?" என்று கேட்டாள் அக்கா.

"கனம்தாங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி வரைக்கும் அவிழ்க்கவே மனசு வரலை."

அக்கா அதைக் கேட்டு, பாடம் ஒப்புவிக்கிறவளைப் போல உதட்டுக்குள் ஒரு தடவை திருப்பிச் சொல்லிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் அம்மா சற்று முன் கத்தியதற்காக எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொன்னார். பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மணப்பெண் அக்காவைக் கூப்பிட்டாள். "என்னுது இல்லம்மா" என்று அவள் மறுத்துவிட்டு, ஓரத்தில் விட்ட செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் பஸ்ஸுக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை கடற்கரைச் சுவரில் போய் உட்கார்ந்தோம். அமாவாசைக் கடல் நேற்றைவிட உயரமாக வந்து பாறையில் மோதிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. அவ்வளவு கிட்டே வந்து தவறிவிட்டதே என்று இருந்தது.

"மன்னிச்சுக்கக்கா" என்றேன். சுண்டல் வாங்காமல், வாய்விட்டே சொன்னேன். "உன் புடவையக் காட்டறேன்னு கூட்டிகினு வந்தேன். எவளோடதையோ பாத்துட்டுப் போறோம்."

"இன்னாத்துக்குடி மன்னிப்பு?" என்றாள். அவள் முகத்தில் ஏமாற்றம் கொஞ்சமும் இல்லை, நேற்று கடலைப் பார்த்தபோது இருந்த அதே சந்தோஷம் இருந்தது. "அத நெய்தவளும் என்னாட்டம்தானே? இன்னிக்கு அவளுக்கும் லீவு. எங்கனா துணி தொவச்சிகினு இருப்பா. அவ்ளோ நல்லா நெய்துட்டு அவ அதைப் பாக்கவே போறதில்ல. அதான் அந்தப் பொண்ண நடக்க வுட்டு, திரும்ப வுட்டு, அவளுக்குப் பதிலா நான் பாத்துகினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்காமல் எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள்.

"என்னுதையும் எவளாவது ஒருத்தி நின்னு பாத்திருப்பா. எழுந்திரு ஜல்தி, பஸ்சு போய்டும்."